குளக்கரை ஒற்றையடிப்பாதை

படைப்பாளி ஒருவர் ஊரைவிட்டு விலகித் தனித்திருந்து எழுத முற்படுவது பல மொழி இலக்கிய வரலாறுகளிலும் காணப்படும் செய்தியாகும். அவ்வாறு விலகியோருள் இன்றளவும் பெரிதும் பேசப்படுபவர் அமெரிக்க நாட்டு எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ. வால்டன் என்னும் குளத்தின் கரையில் தம் கையால் கட்டிய குடிலில் 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை, அதாவது இரண்டு ஆண்டு, இரண்டு திங்கள், இரண்டு நாள் அவர் தனித்து வாழ்ந்தார். அவர் பெயரைக் கேட்டதும் உலகத்தை வெறுத்துக் காடு புகுந்த துறவி ஒருவரின் உருவமே பலர் மனத்தில் எழுகிறது. அவ்வுருவம் உண்மையோடு பொருந்துவதன்று. அவர் ஏன் சென்றார், அங்கு என்ன செய்தார், ஏன் திரும்பினார் என்னும் மூன்று வினாக்களுக்கும் அவர் வாழ்க்கை வரலாறே விடை தருகிறது. இவற்றுள் மூன்றாம் வினா, பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நம் வட்டத்தார்க்குப் பெரிதும் வேண்டுவதாகும்.

இளமையும் தொழிலும்

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரின் மேற்கே ஏறத்தாழ 20 மைல் தொலைவில் உள்ள சிற்றூர் கான்கார்டு. தோரோ 1817 ஜூலை 12ஆம் நாள் அங்கே பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டேவிட் ஹென்றி. கல்லூரிப் படிப்பு முடிந்தபின் அப்பெயரின் முன்பின்னை அவர் தாமே மாற்றிக்கொண்டார். ஹெலன், ஜான் ஆகியோர் அவருக்கு மூத்தோர், சோஃபியா இளையவர். தந்தையார் பென்சில் செய்து விற்கும் தொழிலை நடத்தினார். வளமான குடும்பம் அன்று. எனினும் வீட்டார் தோரோவை ஹார்வர்டு கல்லூரிக்கு அனுப்பினர். 1837இல் அவர் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டே ஊர்ப்பள்ளியில் ஆசிரியர் பணி கிடைத்தது. மாணவரை அடித்தே கற்பிக்க வேண்டும் என்னும் கட்டாயத்தோடு ஒத்துப்போக இயலாமல், இரண்டு வாரங்களில் அப்பணியிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு தாமே ஒரு பள்ளி தொடங்கினார். அண்ணன் ஜானும் அதில் சேர்ந்துகொண்டார். பிரம்பு இல்லாத அப்பள்ளியில் மாணவரை வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் அழைத்துச் சென்று சகோதரர் இருவரும் பாடம் நடத்தினர். ஜானின் உடல்நலம் குன்றியதால் 1841இல் பள்ளி மூடப்பட்டது.

தோரோவின் வாழ்வில் பெரிய திருப்பத்தை உண்டாக்கியவர் எமர்சன். அவரினும் 14 ஆண்டு மூத்தவரான எமர்சன் அப்பொழுதே பெரும்புகழ் பெற்ற சிந்தனையாளர். அவருடைய தூண்டுதலால் 1837 அக்டோபர் 22ஆம் நாள் தோரோ நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அப்பழக்கம் இறுதி நோய் அவரைப் படுக்கையில் தள்ளும்வரை தொடர்ந்தது. ஏறத்தாழ 20 இலட்சம் சொற்கள் கொண்ட அந்நாட்குறிப்பு 1906இல் வெளிவந்த பதிப்பில் 14 தொகுதிகளாக விரிகிறது.

தொடக்கத்தில் தோரோ தம்மைக் கவிஞராகவே கருதினார். எமர்சனும் நண்பர்களும் 1840 முதல் 1844 வரை நடத்திய 'டயல்' இதழில் அவருடைய கவிதைகள் வெளிவந்தன. அவை நல்ல கவிதைகளே எனினும் ஆங்கிலத்தின் பழைய கவிஞர் நடையை ஒட்டி எழுதப்பட்டவை. எமர்சன் அவற்றைப் பாராட்டாமையால் பலவற்றை எரித்துவிட்டதாகத் தோரோவே பின்னாளில் சொன்னார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் குறிப்பர். மதிப்பிற்குரிய ஒருவரின் ஒரு சொல் இளங்கவிஞர் ஒருவரின் கையெழுத்துப் படிகளைத் தீக்கு இரையாக்கியது என்னும் இச்செய்தி, திறனாய்வு மேடையில் அமரும் நம்மனோர் நினைவில் கொள்ளத்தக்கது.

வருவாய்க்காகத் தோரோ தந்தையாரின் பென்சில் பட்டறையில் உழைத்தார். அக்கால அமெரிக்கப் பென்சில்கள் தரம் குறைந்தவை. எழுதும்போது பிசுபிசுத்துக் கறை படியும். காரீயம் என்று நாம் வழங்கும் கிராஃபைட்டை மேலும் நுண்ணிய பொடியாக்கிக் களிமண்ணோடு கலந்து சுடும் முறையை அவர் செம்மைப்படுத்தினார். தோரோ குடும்பத்தின் பென்சில் நாட்டில் மிகச் சிறந்தது என்று பெயர் பெற்றது. ஆயினும் பிறர் எழுதும் கருவியை நாள்முழுதும் செய்துகொண்டிருந்த அவருக்குத் தாம் எழுத வேண்டியதை எழுதும் பொழுது வாய்க்கவில்லை.

அண்ணனின் மறைவு

1839 ஆகஸ்ட் திங்களின் கடைசி நாளன்று, தாங்களே கட்டிய படகில் ஜானும் ஹென்றியும் கான்கார்டு ஆற்றிலும் மெரிமாக் ஆற்றிலும் பயணம் புறப்பட்டனர். இரண்டு வாரப் பயணம் அது. இருவர் வாழ்விலும் அதனினும் இனிய நாள்கள் பின்னர் அமையவில்லை.

1842 புத்தாண்டு நாளில் சவரக்கத்தி தீட்டும்போது ஜானின் விரலில் சிறு காயம் பட்டது. அது நரம்பிசிவு நோயாக முற்றியது. ஜனவரி 11ஆம் நாள் தம்பியின் கைகளிலேயே அவர் உயிர் நீத்தார். சில நாள்களில் அந்நோயின் அறிகுறிகள் தோரோவின் உடலிலும் தோன்றின. அவர் உடலில் காயம் ஏதும் இல்லை. துயரமே நோயாக வெளிப்பட்டது. அத்திங்கள் முடிவதற்குள் எமர்சனின் ஐந்து வயது மகனும் இறந்தான். அப்போது எமர்சன் வீட்டில் தங்கியிருந்த தோரோவுக்கு அச்சிறுவன்மீது மிகுந்த அன்பு உண்டு.

அண்ணனுடன் சென்ற ஆற்றுப் பயணத்தை ஒரு நூலாக எழுதி அவர் நினைவுக்குப் படைக்க வேண்டும் என்னும் எண்ணம் தோரோவின் உள்ளத்தில் வேரூன்றியது. ஆனால் மூன்று ஆண்டுகள் வீணே கழிந்தன. 1843இல் நியூயார்க்கை அடுத்த ஸ்டேட்டன் தீவில் எமர்சனின் தமையனார் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லச் சென்றார். நகரத்துப் பதிப்பாளர்களின் தொடர்பால் எழுத்துத் தொழிலில் காலூன்றலாம் என்று நம்பினார். அம்முயற்சி கைகூடாமையால் ஊர் திரும்பி மீண்டும் பென்சில் பட்டறையில் நுழைந்தார். 1844 ஏப்ரலில் ஆற்றங்கரையில் மீன் சமைக்க அவர் மூட்டிய தீ காற்றில் பரவி, நூற்றுக்கணக்கான ஏக்கர் காட்டை அழித்தது. காட்டை எரித்தவன் என்னும் பழிச்சொல் ஊரில் நெடுங்காலம் நிலைத்தது.

27 வயதில் தோரோவின் நிலை இது. நூல் ஒன்றும் வெளிவரவில்லை. நிலைத்த தொழில் இல்லை. நெஞ்சில் ஆறாத இழப்பு. ஊரார் வாயில் இகழ்ச்சி. நண்பரும் கவிஞருமான எல்லெரி சானிங், வால்டன் குளக்கரையில் குடில் அமைத்துத் தனித்திருக்குமாறு 1845 மார்ச்சில் அவருக்குக் கடிதம் எழுதினார். அம்மாத இறுதியிலேயே தோரோ கோடரி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு காட்டுக்குச் சென்றார்.

குடில் எழுந்த வரலாறு

குளக்கரை நிலம் எமர்சனுக்கு உரியது. 1844 இலையுதிர் காலத்தில் அவர் அதை விலைக்கு வாங்கியிருந்தார். தோரோ அங்கிருந்த பைன் மரங்களை வெட்டிச் சட்டங்கள் செதுக்கினார். இருப்புப்பாதைப் பணியில் இருந்த அயர்லாந்துத் தொழிலாளி ஒருவரின் பழைய குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்து, அதன் பலகைகளை வண்டியில் ஏற்றி வந்து வெயிலில் உலர்த்தினார். நண்பர் பலர் கூடிச் சட்டங்களைத் தூக்கி நிறுத்தினர். 10 அடி அகலமும் 15 அடி நீளமும் கொண்ட அக்குடிலுக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட். அவர் படித்த கல்லூரியில் மாணவர் ஓர் அறைக்கு ஓராண்டு செலுத்தும் வாடகையினும் இது குறைவு. கட்டில், மேசை, எழுதுபலகை, நாற்காலி மூன்று ஆகியவையே உள்ளிருந்த தட்டுமுட்டுகளில் முதன்மையானவை.

அமெரிக்காவின் விடுதலை நாளான ஜூலை 4ஆம் நாள் அவர் குடிபுகுந்தார். புகைபோக்கியும் சுவர்ப்பூச்சும் குளிர்காலத்துக்கு முன்னரே முடிக்கப்பட்டன. இரண்டரை ஏக்கர் நிலத்தைக் கொத்தி, பெரும்பகுதியில் அவரை இனப் பயிரை விளைவித்தார். முதலாண்டு விளைச்சலில் செலவு போக எஞ்சியது 8 டாலர் 71½ சென்ட். ஓராண்டு உணவுக்கும் உடைக்கும் வேண்டிய பொருளை ஈட்ட ஏறத்தாழ ஆறு வார உழைப்பே போதும் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். எஞ்சிய நாள்கள் அவருடையவை. அவர் மேற்கொண்ட ஆய்வின் உயிர்நிலை இதுவே. ஆணியின் விலையையும் உப்பின் விலையையும் அவர் விடாது குறித்து வைத்ததற்கும் காரணம் இதுவே. எழுத நேரம் இல்லை என்னும் குறையை அவர் புலம்பலாக வைத்துக்கொள்ளவில்லை. கணக்காக மாற்றித் தீர்த்துக்கொண்டார்.

விடியலில் குளத்தில் நீராடல், காலையில் களைகொத்தல், அதன்பின் படிப்பும் எழுத்தும், பிற்பகலில் நெடிய நடை என்று நாள்கள் கழிந்தன. எமர்சனிடமிருந்து பெற்றுப் பயின்ற நூல்களுள் வில்கின்சு 1785இல் ஆங்கிலத்தில் பெயர்த்த பகவத்கீதையும் ஒன்று. 1846 தொடக்கத்தில் குளம் உறைந்திருந்தபோது பனியில் துளையிட்டுக் கயிற்றில் கல் கட்டி இறக்கி ஆழத்தை அளந்தார். அடியே இல்லாத குளம் என்று ஊரார் சிலர் நம்பி வந்த வால்டனின் பேராழம் 102 அடி என்று கண்டார். பிற்கால அளவீடுகளும் அதனோடு ஒத்துள்ளன. பழைய நம்பிக்கையை அப்படியே ஏற்காமல் இறங்கி அளந்து பார்க்கும் இம்மனப்பாங்கே அவருடைய உரைநடையிலும் உள்ளது.

எழுத்துப் பணி

அவர் சென்றது எழுதுவதற்காக. அண்ணனுடன் சென்ற ஆற்றுப் பயணம்பற்றிய நூலின் முதற்படியைக் குடிலில் எழுதி முடித்தார். மூன்றாண்டுகள் வாராத எழுத்து, பட்டறையையும் ஊர்ப்பேச்சையும் விட்டு விலகிய சில திங்களில் வந்தது. இரண்டு வாரப் பயணத்தை ஒரு வாரமாகச் சுருக்கி அமைத்த அந்நூலில் ஜான் என்னும் பெயர் ஓரிடத்தும் இல்லை. ஆயினும் நூல் முழுதும் அவர் உடன் வருகிறார். துயரத்தைப் பெயர் சொல்லி அழாமல், அது நிகழ்ந்த ஆற்றையும் கரையையும் கூர்ந்து காட்டியே உணர்த்தும் இம்முறை, முதலும் கருவும் உரியும் அறிந்த தமிழ்க் கவிஞர்க்குப் புதிதன்று.

காட்டில் எப்படி வாழ்கிறாய், என்ன உண்கிறாய், அச்சமாக இல்லையா என்று ஊரார் ஓயாது வினவினர். அவ்வினாக்களுக்கு விடையாக 1847 பிப்ரவரியில் ஊர்மன்றத்தில் அவர் உரையாற்றினார். அவ்வுரையும் குடிலில் எழுதிய முதற்படியும் பின்னர் 'வால்டன்' என்னும் நூலாக வளர்ந்தன. கவிதைக்காகத் தாம் முயன்ற செறிவையும் ஒலிநயத்தையும் அவர் உரைநடைக்கு மாற்றிக்கொண்டதைக் குடிலில் எழுதியவற்றில் காணலாம். பழகிய யாப்பும் பழகிய உவமைகளும் தம் அனுபவத்துக்குப் போதவில்லை என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். தனித்திருத்தலால் அவர் அடைந்த பெரும்பேறு இதுவே.

ஊரும் காடும்

வால்டன் அடர்வனம் அன்று. கான்கார்டு ஊர் நடுவிலிருந்து அது ஏறத்தாழ ஒன்றரை மைல். 1844இல் அமைந்த இருப்புப்பாதை குளத்தின் ஓரமாகவே செல்கிறது. ஒரு நாள், இரு நாளுக்கு ஒரு முறை தோரோ ஊருக்குப் போனார். தாயார் வீட்டில் உண்டார். நண்பர்கள் குடிலுக்கு வந்தனர். அடிமை முறைக்கு எதிரான கான்கார்டு மகளிர் கழகத்தார் 1846 ஆகஸ்ட் 1ஆம் நாள் அக்குடில் வாயிலிலேயே தம் ஆண்டுக் கூட்டத்தை நடத்தினர். அக்கழகத்தில் அவருடைய தாயாரும் உடன்பிறந்த மகளிரும் முன்னின்று உழைத்தவர்கள்.

அடிமை முறையை ஏற்கும் அரசுக்கு வரி செலுத்த மாட்டேன் என்று தோரோ மறுத்து வந்தார். 1846 ஜூலையில், செப்பனிடக் கொடுத்த காலணியை வாங்க ஊருக்குள் வந்தபோது பிடிக்கப்பட்டு ஓரிரவு சிறையில் இருந்தார். அந்த ஓரிரவிலிருந்து பிறந்த கட்டுரை 1849இல் அச்சாயிற்று. பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் அதனைப் படித்து 1907இல் தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ்வழிப் பரப்பினார்.

நம் சென்னையோடும் அக்குளத்துக்குத் தொடர்பு உண்டு. 1846-47 குளிர்காலத்தில் நூறு தொழிலாளர்கள் வந்து வால்டனின் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக வெட்டிக் கரையில் குவித்தனர். அவ்வட்டாரக் குளங்களின் பனிக்கட்டியைக் கப்பலேற்றி வெப்ப நாடுகளில் விற்ற ஃபிரெடெரிக் டியூடர், 1840களில் சென்னைக் கடற்கரையில் ஒரு சேமிப்புக் கட்டடம் எழுப்பினார். ஐஸ் அவுஸ் என்று நாம் வழங்கும், 1897இல் விவேகானந்தர் தங்கியிருந்த கட்டடமே அது. சென்னை மக்கள் தம் குளத்து நீரைப் பருகுவதாகத் தோரோ தம் நூலில் எண்ணி மகிழ்கிறார். அக்குளிர்காலத்தில் வெட்டிய கட்டியின் பெரும்பகுதி சந்தைக்குப் போகாமல் கரையிலேயே கிடந்து, 1848 செப்டம்பர் வரை மெல்ல உருகிக் குளத்துக்கே திரும்பியது.

தாயார் வீட்டில் உண்டவரின் தனிமை என்ன தனிமை என்று அவரை எள்ளுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அவர் துணிகளை வெளுத்தவர் யார் என்னும் வினா பெண்ணாகிய எனக்கும் எழுவதே. நம் வட்டத்துப் பெண் கவிஞருள் எத்தனை பேருக்கு இரண்டு நாளாவது இத்தகைய குளக்கரை வாய்க்கும்? அவ்வினாவை மழுப்பாமல் ஏற்பதே நேர்மை. எனினும் அதனால் அவருடைய முயற்சி பொய்யாகிவிடாது. மனிதர் முகத்தில் விழிக்கக் கூடாது என்பது அவர் மேற்கொண்ட நோன்பு அன்று. பழக்கத்தின் பிடியிலிருந்து பொழுதை மீட்பதே அவர் நோக்கம். அதற்கு ஒன்றரை மைல் தொலைவே போதுமானதாக இருந்தது.

பாதையும் திரும்புதலும்

குடிபுகுந்த ஒரு வாரத்திற்குள் குடில் வாயிலிலிருந்து குளத்துக்கு ஓர் ஒற்றையடிப்பாதை உருவாகிவிட்டதை அவர் கண்டார். வேறொருவரும் போட்ட பாதையன்று. அவருடைய கால்களே நாள்தோறும் ஒரே வழியில் நடந்து தேய்த்த பாதை. பழக்கத்தை முறிக்க வந்த இடத்திலும் பழக்கம் அவரைப் பின்தொடர்ந்து வந்து காலடியில் படுத்துக்கொண்டது. மனமும் அவ்வாறே தனக்குத் தடங்களைத் தேய்த்துக்கொள்ளும் என்பதை அவர் அதனால் உணர்ந்தார்.

1847இல் எமர்சன் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டபோது அவர் இல்லத்தைக் கவனித்துக்கொள்ளுமாறு அவர் மனைவியார் தோரோவை வேண்டினார். தோரோ செப்டம்பர் 6ஆம் நாள் குடிலைவிட்டுப் புறப்பட்டார். வேண்டுகோள் ஒரு வாய்ப்பு. வேறு வகையிலும் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்னும் எண்ணமே உள்ளிருந்த காரணம். வெற்றி கண்ட தனிமையைக் கைவிட மிகுந்த துணிவு வேண்டும். சென்ற துணிவினும் திரும்பிய துணிவே பெரிது என்பது என் கருத்து.

பிந்திய வாழ்வு

ஆற்றுப் பயண நூல் 1849இல் ஆசிரியர் செலவிலேயே 1000 படிகள் அச்சாயிற்று. விற்றவை 219, இலவசமாகக் கொடுத்தவை 75. எஞ்சிய 706 படிகளைப் பதிப்பாளர் 1853 அக்டோபரில் வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். அவற்றைத் தோரோ தம் தோளில் சுமந்து மாடியில் அடுக்கினார். தம் கவிதைத் தொகுதிகள் பரண்மேல் கட்டுக் கட்டாகக் கிடப்பதைக் காணும் நம் கவிஞர்க்கு இக்காட்சியை விளக்க வேண்டுவதில்லை. அச்சுக்கடனை நில அளவைத் தொழிலால் அடைத்தார். அவ்விரவும் நாட்குறிப்பு எழுதத் தவறவில்லை.

'வால்டன்' நூலை அவர் ஏழு முறை திருத்தி எழுதினார். நூலின் சிறந்த பகுதிகள் பல, குடிலைவிட்டு வந்தபின், ஊர் நடுவே நில அளவைக்கும் பென்சில் தொழிலுக்கும் இடையில் எழுதப்பட்டவை. இரண்டாண்டு வாழ்வை ஓராண்டுப் பருவச் சுழற்சியாகச் சுருக்கி அமைத்த அந்நூல் 1854 ஆகஸ்ட் 9ஆம் நாள் 2000 படிகளாக வெளிவந்தது. குளக்கரை விதை தந்தது. ஏழாண்டு ஊர் வாழ்வு அதை விளைவித்தது.

பின்னர் அவர் குடில் எதையும் நாடவில்லை. நாள்தோறும் பிற்பகலில் நான்கு மணி நேரம் நடந்தார். எந்தச் செடி எந்நாளில் பூத்தது என்பதை ஆண்டுதோறும் குறித்தார். அக்குறிப்புகளை இன்றைய அறிவியலார் தம் குறிப்புகளோடு ஒப்பிட்டு, புவி வெப்பமாதலால் கான்கார்டில் பூக்கள் முந்தி மலர்வதைக் காட்டியுள்ளனர். 1855இல் ஆங்கிலேய நண்பர் ஒருவர் இந்திய ஞான நூல்கள் 44 தொகுதிகளை அவருக்கு அனுப்பினார். ஆற்றில் மிதந்து வந்த மரத்துண்டுகளால் அவற்றுக்குப் பேழை செய்து வைத்தார். 1860 இறுதியில் தொற்றிய சளி காசநோயை வலுப்படுத்தியது. 1862 மே 6ஆம் நாள் 44 வயதில் மறைந்தார். எஞ்சிய கையெழுத்துப் படிகளைத் தங்கை சோஃபியா நூல்களாகப் பதிப்பித்துக் காத்தார்.

நிறைவாக

அக்குடிலை அவருக்குப்பின் பிறர் வாங்கித் தானியம் வைக்கப் பயன்படுத்தினர், பின்னர் பிரித்துவிட்டனர். 1945இல்தான் புகைபோக்கியின் அடித்தளம் தோண்டிக் கண்டறியப்பட்டது. குடில் நிலைக்க வேண்டும் என்று அவரும் கருதவில்லை.

பத்தாண்டுகளாக நாம் ஒரே கிழமையில் கூடுகிறோம். ஒரே வகை மரபில் பாடுகிறோம். ஒரே சொற்களால் பாராட்டுகிறோம். கூடுதல் நன்று, அதனாலேயே நம்முள் பலர் எழுதத் தொடங்கினோம். எனினும் நம் காலடியிலும் ஒரு பாதை தேய்ந்திருக்கக் கூடும். ஆண்டுக்கு ஒரு முறை, உறுப்பினர் ஒவ்வொருவரும் மூன்று நாளேனும் ஏரிக்கரையிலோ மலையடியிலோ தனித்திருந்து, முன்பு எழுதாத ஒன்றை எழுதிக் கொண்டுவருவதை நம் வட்டம் ஒரு நெறியாக்கலாம். வீட்டுப் பொறுப்பால் வெளியேற இயலாத பெண் உறுப்பினர்க்கு அந்த மூன்று நாளை உண்டாக்கித் தருவது மற்றவர் கடமையாகட்டும். அந்நெறியும் பழகித் தேய்ந்த நாளில் அதனையும் விட்டுவிடலாம்.